இடப்பக்கத்துச் சத்தம்

கப்பலால் இறங்கி வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் திருத்தக்கூடியதை எல்லாம் திருத்தி முடித்துவிட்டேன். ஆடிக்கொண்டிருந்த மின்விசிறி, தண்ணீர் மோட்டார், குசினிச் சுவரில் தளர்ந்து தொங்கிய சுவிட்ச், பிறகு பக்கத்து வீட்டு அயன்பெட்டி. அதற்குப் பிறகு கைக்கு வேலை இல்லை. நான் சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீஷன். ஒரு ஒப்பந்தம் முடிந்து இறங்கினால் சில மாதங்களில் கொழும்பு ஏஜென்சி மறுபடி கூப்பிடும். இந்த முறை கூப்பிடவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்கள். அடுத்த மாதமும் அதையே சொன்னார்கள்.

எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில். காலையில் மனைவி பள்ளிக்கூடம் போனதும் நான் கடற்கரைப் பக்கம் இறங்குவேன். குப்பைத்தொட்டியடியில் மான்கள் நிற்கும். அவற்றைச் சுற்றிக்கொண்டு ஜெட்டி வரைக்கும் நடப்பேன். கோதுமைக் கப்பல் ஏதும் வந்திருந்தால் அது எந்த நாட்டுக் கொடி, புகைபோக்கியிலிருந்து வரும் புகை என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். வீட்டில் வந்து கதிரையில் இருந்தால் கால் தானாக ஆடத் தொடங்கும். மறுபடி எழும்பிப் போவேன். ஒருநாள் ஒரு காரியமும் இல்லாமல் பஸ் ஏறி இறக்கக்கண்டி வரை போனேன். அங்கே ஒரு பிளேன்டி குடித்துவிட்டு, அதே பஸ் திரும்பி வரும்போது அதிலேயே ஏறினேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மகள் யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படிக்கிறாள். ஆகவே வீட்டில் நானும் மனைவியும்தான். மனைவி பெண்கள் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறாள். பின்னேரங்களில் மேசையில் விடைத்தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்துவாள். நான் அறைக்கும் வாசலுக்குமாக நடப்பேன்.

"இஞ்சருங்கோ, ஒரு இடத்தில இருக்கமாட்டியளோ? நீங்கள் நடக்க நடக்க எனக்குத் தலை சுத்துது."

"இருந்து என்ன செய்யிறது?"

"கப்பலில வேலை முடிஞ்சா என்ன செய்வியள்?"

நான் யோசித்தேன். கப்பலில் வேலை முடிந்தால் நான் ஒரு விளையாட்டு விளையாடுவேன். பழைய கணினி விளையாட்டு. நாம் ஒரு வீரனாக ஒரு நாட்டுக்குள் இறங்கி, துணைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ச் சண்டை பிடித்து, சாமான் சேர்த்து, பலம் கூட்டிக்கொண்டு போவது. படங்கள் மேலேயிருந்து பார்க்கிற மாதிரி, இப்போதைய கண்ணுக்குப் பொம்மை மாதிரி இருக்கும். என்னோடு வேலைசெய்த இளம் பெடியள் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் பல கடல்களை நான் கடந்தது அதோடுதான். கடைசிப் பயணத்தில் உப்புக்காற்றும் வெக்கையும் சேர்ந்து என் மடிக்கணினியைத் தின்றுவிட்டன. விளையாட்டும், நான் நிறுத்திவைத்த இடங்களும் ஒரு பென்டிரைவில் தப்பியிருந்தன.

மனைவியிடம் சொன்னேன். அவள் தன் மடிக்கணினியைக் காட்டினாள்.

"காலமையில நான் இல்லாத நேரம் இதை எடுங்கோ. ஆனா இது விண்டோஸ் இல்லை. லினக்ஸ்."

அது எனக்குப் புதிய செய்தி. அவளுடைய மடிக்கணினி பழையது. விண்டோஸ் அதில் இழுத்துக்கொண்டே கிடந்ததாம். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் டீச்சர் லினக்ஸைப் போட்டுக்கொடுத்தாராம். அதன் பிறகு இவள் தானே படித்துக்கொண்டாளாம். கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுதி வேலை வாங்குகிற என் மனைவியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் கடலில் இருந்த காலத்தில் அவள் எனக்குத் தெரியாமல் எத்தனை விஷயம் படித்திருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்து போனது.

"அப்ப என்ர விளையாட்டு ஓடாதோ?"

"அப்பிடியே ஓடாது. வைன் எண்டு ஒண்டு இருக்கு, அதைப் போடவேணும்."

வைன் என்றதும் எனக்குத் தேவாலயப் பூசையில் சாமியார் கிண்ணத்தில் ஊற்றுவதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இது நடுவில நிண்டு கதைக்கிற ஆள் மாதிரி. விளையாட்டு விண்டோஸிட்டக் கேக்கிறதை இது லினக்ஸிட்டக் கேட்டு வாங்கிக் குடுக்கும். விளையாட்டுக்குத் தான் வேற வீட்டில இருக்கிறன் எண்டே தெரியாது."

முதல்நாள் நிறுவும்போதே பாதியில் நின்றது. மறுநாள் நிறுவி முடிந்தது, ஆனால் தொடக்கத்தில் வருகிற படக்காட்சிக்குப் பதிலாக வெறும் கறுப்புத் திரை. பின்னால் எங்கேயோ தம்பட்டம் மட்டும் அடித்தது. அதைக் கடந்தபோது முழு விளையாட்டும் திரையின் ஒரு மூலையில் தபால் முத்திரை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அதைப் பெரிதாக்கினால் சுட்டி நான் இழுத்த பக்கம் போகாமல் வேறு பக்கம் ஓடியது. ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் தேடினேன். எந்தெந்த நாட்டிலோ இருக்கிற ஆட்கள், முகம் தெரியாதவர்கள், இதே விளையாட்டோடு இதே மாதிரி மல்லுக்கட்டி எழுதிவைத்திருந்தார்கள். அதில் ஒன்றைச் செய்து பார்ப்பேன், சரிவராது, இன்னொன்றைச் செய்வேன். பழுது தேடுவது என் தொழில். அந்தக் காலைகளில் என் கால் ஆடவில்லை. ஜெட்டிப் பக்கம் போகவும் மறந்துபோனேன்.

ஒருநாள் எல்லாம் சரிவந்தது. பென்டிரைவில் இருந்ததைக் கொண்டுபோய்ப் போட்டேன். கடைசியாக இந்து சமுத்திரத்தின் நடுவில் நிறுத்திய அதே காட்டுப்பாதையில் என் ஆட்கள் நின்றார்கள்.

சத்தம் ஒன்றுதான் மிச்சம். இப்போது பின்னேரங்களிலும் மடிக்கணினி என்னிடம்தான், மனைவி பக்கத்தில் விடைத்தாள் திருத்துவதால் ஹெட்செட் போட்டுத்தான் விளையாடுவேன். வலப்பக்கம் தெளிவாகக் கேட்டது. இடப்பக்கம் எங்கோ தூரத்தில் பஞ்சுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. கப்பலிலும் அப்படித்தான் இருந்தது, அப்போது ஹெட்செட் பழசு என்று விட்டுவிட்டேன். இப்போது டவுனுக்குப் போய்ப் புதிது ஒன்று வாங்கினேன். அதிலும் அப்படியே. அப்படியென்றால் கோளாறு வைனில்தான் என்று முடிவுகட்டினேன்.

அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. வைனின் ஒலி அமைப்பை மாற்றினேன். லினக்ஸின் ஒலி அமைப்பை மாற்றினேன். இடப்பக்கத்தை உச்சத்துக்குக் கூட்டினேன், வலப்பக்கத்தைக் குறைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவினேன். ஒரு இணைய மன்றத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதினேன். ஒருவர் ஒரு சோதனைக் கட்டளை அனுப்பினார். அதை ஓடவிட்டால் ஒரு பெண்குரல் இடது என்று இடப்பக்கத்திலும், வலது என்று வலப்பக்கத்திலும் ஆங்கிலத்தில் சொல்லும். எனக்கு வலது மட்டும்தான் சரியாகக் கேட்டது. பாருங்கள், நிரூபணமாகிவிட்டது என்று அவருக்குப் பதில் போட்டேன்.

ஹெட்செட்டைத் திருப்பி மாட்டிப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே விளங்கியிருக்கும். இரண்டு கம்பியை இடம்மாற்றிப் பார்ப்பதுதான் என் தொழிலின் முதல் பாடம். ஏன் செய்யவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது. செய்ய விரும்பவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

ஒரு பின்னேரம் நான் மேசையில் கையால் அடித்துவிட்டு எழும்பினேன். மனைவி பேனையை வைத்தாள்.

"கொண்டாங்கோ அதை. நான் கேட்டுப் பாக்கிறன்."

ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு அந்தச் சோதனையை அவளே ஓடவிட்டாள். போட்ட கையோடு முகத்தைச் சுளித்துக் கழற்றினாள்.

"என்னப்பா இது! காது வெடிக்குது!"

"எந்தக் காது?"

"இடது. எதுக்கு இவ்வளவு கூட்டி வைச்சிருக்கிறியள்? வலது ஒழுங்கா வருது, இடது கத்துது."

"இடது வருதோ?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஹெட்செட்டைத் திருப்பி, இடது வலதாக மாற்றி, தன் கையாலேயே என் தலையில் மாட்டினாள். வலக்காதுக்குள் அந்தப் பெண்குரல் அறைந்த மாதிரி இடது என்றது. அடுத்தது வரவேண்டும். நான் காத்திருந்தேன். திரையில் எழுத்து மாறியது, குரல் வரவில்லை.

நான் கழற்றினேன். அவள் என் இடப்பக்கமாக வந்து நின்றாள். நான் தற்செயலாகத் திரும்பியபோது அவளுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்னனீர்?"

"ஒண்டுமில்லை," என்றாள். பிறகு கதிரையில் இருந்தாள். கொஞ்ச நேரம் விடைத்தாள்களின் ஓரத்தை நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள். "நான் நினைச்சனான் நீங்கள் என்னோட கோவம் எண்டு."

"ஏன் கோவம்?"

"சாப்பாடு போடேக்க நான் அந்தப் பக்கத்தில நிண்டுதான் கேக்கிறனான், இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ எண்டு. நீங்கள் திரும்பியும் பாக்கிறதில்லை. படுக்கையில கதைச்சாலும் அப்பிடித்தான். கப்பலுக்குப் போகேலாத எரிச்சல், வீடு பிடிக்கேல்லை, நான் பிடிக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு பேசாம இருந்தனான்."

அவள் எத்தனை நாள் அப்படி நினைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்பதுதான், காதைவிட, என்னை உலுக்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது டொக்டர் வரைபடம் ஒன்றைக் காட்டினார். இரண்டு காதிலும் கோடு இறங்கியிருந்தது. இடதில் அது பள்ளத்தில் விழுந்த மாதிரிக் கிடந்தது. "இஞ்சின் சத்தம் ஒரு காரணம். இடது செவிப்பறையில பழைய ஓட்டை ஒண்டும் இருக்கு, எப்பவோ கிருமி வந்திருக்கு," என்றார். "போனது திரும்பி வராது. கருவி போட்டா நல்லாக் கேக்கலாம். ஆனா இனி அந்த இரைச்சலுக்குள்ள போகாதேங்கோ."

இனிக் கப்பல் இல்லை என்றபோது, பத்திரமாக வைத்திருக்கிற ஒன்றை யாரோ கேட்டு வாங்கிய மாதிரி இருந்தது. அந்த வாரத்திலேயே ஏஜென்சியின் அழைப்பும் வந்தது. கப்பல் இருக்கிறது, மருத்துவச் சோதனைக்கு உடனே வாருங்கள் என்றார்கள். என்னோடு முன்பு வேலைசெய்த ஒருவருக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்தார். "காதுச் சோதனையோ? கண்ணாடிக்கு அங்கால இருக்கிற ஆளின்ர கையைப் பாரும். கை அசையேக்கதான் சத்தம் விடுவினம், அப்ப நீர் பட்டனை அமத்தும். ஆர் கண்டது?"

மனைவியிடம் இதையும் சொன்னேன்.

"போகவேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன்," என்றாள். "போங்கோ எண்டும் சொல்லமாட்டன். பிறகு நீங்கள் என்னைக் குறை சொல்லக் கூடாது."

கொழும்புக்குப் போகும்வரை இருந்த நாட்களில் என்னை வீட்டில் வைத்திருந்தது அந்த விளையாட்டுத்தான். ஹெட்செட்டை எடுத்து மூலையில் வைத்தாயிற்று. சத்தம் வெளியே வரும்படி விட்டேன். அதனால் அவளும் எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு கிராமத்தில் ஒரு பெண் என் ஆளிடம் கதைக்க வந்தாள். நான் வழக்கம்போல விசையைத் தட்டித் தட்டி அந்தக் கதையைக் கடத்தினேன்.

"ஏன் அமத்திறியள்? அவ என்ன சொல்றா எண்டு பாக்கவேண்டாமோ?"

"சுரங்கத்தில அவவின்ர புருஷன்ர கோடரி கிடக்கு. கொண்டுவந்து குடுத்தா ஒரு மோதிரம் தருவா. அவ்வளவுதான்."

"வாசிக்காம என்னெண்டு தெரியும்?"

அவள் சுட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். முந்தி நிறுத்திவைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பெண்ணை மறுபடி கதைக்க வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் எனக்குச் சொன்னாள். அந்தப் பெண் கோடரியைக் கேட்கவேயில்லை. புருஷன் வேறு ஊருக்குப் போய் வேறு குடும்பமாக இருக்கிறான் என்று அயலார் சொல்கிறார்கள், நானும் அப்படியே நம்பியிருக்கிறேன், சுரங்கத்தில் அவனுடைய சாமான் ஏதும் கண்டால் தயவுசெய்து என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். கப்பல் கப்பலாக, வருடக்கணக்காக, நான் அந்தக் கோடரியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து மோதிரத்தை வாங்கியிருக்கிறேன்.

"குடுக்கேக்க அவ என்ன சொன்னவ?"

"தெரியாது. அதையும் வாசிக்கேல்லை."

இந்த முறை கோடரியைச் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். மனைவி அப்படித்தான் செய்யவேண்டும் என்றாள். அதன் பிறகு விளையாட்டு மெதுவாகப் போனது. வழியில் நிற்கிற காவல்காரன், சந்தையில் மீன் விற்கிறவள் எல்லோரிடமும் அவள் கதைத்தாள். எனக்குச் சில நேரம் பொறுமை போய்விடும். எழும்பி முற்றத்துக்குப் போய் வருவேன். வந்து பார்த்தால் இன்னும் அதே மீன்காரியோடு நிற்பாள்.

கொழும்புக்கு விடிய பஸ்ஸில் போனேன். கந்தளாய்க் குளத்தைக் கடக்கும்வரை போய்வருவேன் என்று ஒரு மனம், திரும்பு என்று இன்னொன்று. பக்கத்துச் சீட்டில் இருந்தவர் இடப்பக்கமாக என்னவோ கேட்டுக்கொண்டே வந்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஓம் சொன்னேனோ தெரியாது.

சோதனை அறை ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இருத்தி, காதுக்கு மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமத்தவேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம்பெண் இருந்தாள். போனில் நண்பர் சொன்னது சரிதான். அவளுடைய கை முழுதாகத் தெரிந்தது.

எனக்குக் கடைசிப் பயணம் நினைவுக்கு வந்தது. ஒருநாள் ஸ்விட்ச்போர்டின் முன்னால் நிற்கும்போது இயந்திரங்களுக்கு எண்ணெய் பார்க்கிற ஒரு இளம் ஒயிலர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். திரும்பினால் எச்சரிக்கை மணியோடு சேர்ந்த விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. அது எவ்வளவு நேரமாகச் சுழன்றதோ. பெரிய விஷயம் இல்லை, ஒரு பம்ப்தான். காதுக்கவசம் போட்டிருந்தேன், அதனால் கேட்கவில்லை என்று சொன்னேன். அவனும் கவசம் போட்டுத்தான் இருந்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டபோது அமத்தினேன். முதலில் வலது. பீப் என்று மெல்லியதாக வந்து, இன்னும் மெலிந்து, இல்லாமல் போனது. பிறகு அமைதி. இனி இடது தொடங்கும் என்று இருந்தேன். கட்டைவிரல் பட்டனில் தயாராக இருந்தது. நேரம் போனது. கதவு திறக்கிற காற்று முகத்தில் பட்டது. கண்ணைத் திறந்தேன்.

"முடிஞ்சுது, சேர்," என்றாள் அந்தப் பெண்.

நான் எழும்பவில்லை. இடது இன்னும் தொடங்கவில்லையே என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

கப்பல் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏஜென்சியில் இருந்தவர் நல்ல மாதிரித்தான் கதைத்தார், தேநீர் தந்தார். பஸ்ஸில் வரும்போது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் வந்தது.

வீட்டில் மனைவி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "குளிச்சிட்டு வாங்கோ, புட்டும் மீன்குழம்பும் இருக்கு," என்றாள், என் வலப்பக்கத்தில் நின்று. சாப்பிட்டபின் நானே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டதைச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்து, நான் சொல்லி முடிக்கும்வரை விடாமல் வைத்திருந்தாள்.

இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தயாரிக்கிற இடத்தில் வேலை. குளிரூட்டும் இயந்திரங்களையும், நேரம் கிடைத்தால் படகுகளின் வயரிங்கையும் பார்க்கிறேன். இஞ்சின் அறையோடு ஒப்பிட்டால் இது தேவாலயம் மாதிரி அமைதி. இடக்காதில் கருவி. அதைப் போட்ட முதல்நாள் தட்டு வைக்கிற சத்தம், காகம், என் சொந்தச் செருப்பு எல்லாம் அடித்துக்கொண்டு உள்ளே வந்தன, கழற்றி எறியலாம் போல இருந்தது. பழகிவிட்டது. கால் ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. சில நாள் வேலை முடிந்தும் நேராக வீட்டுக்கு வராமல் சைக்கிளில் சீனன்குடாப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருகிறேன். மனைவி கேட்பதில்லை. போன் மட்டும் எடுப்பாள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வரச்சொல்லி.

விளையாட்டை இப்போது ஓட்டுவது அவள்தான். நான் ஒருபோதும் போகாத ஊர்களுக்கெல்லாம் போய்விட்டாள். போன கிழமை லினக்ஸுக்கு ஏதோ மேம்படுத்தல் வந்து, அதற்குப் பிறகு விளையாட்டுத் திறந்த கையோடு மூடுகிறது. நான் வேலையால் வந்து சட்டையைக் கழற்றவும் இல்லை, அவள் மடிக்கணினியோடு வந்தாள்.

"சனிக்கிழமை பாப்பம்," என்றேன்.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க ஏலாது. அந்தப் படகோட்டி பாதிக் கதையில நிக்கிறான். இருங்கோ இப்ப."

கறுப்புத் திரை நிறைய வழுச்செய்திகள் ஓடி நின்றன. வாசிக்கிற மூக்குக்கண்ணாடியைத் தேட எனக்குச் சோம்பல்.

"முதல் வரியில இருந்து வாசியும்," என்றேன்.